தெரு முனை வரை வந்தவர்

மக்கள்தொகைக் கணக்கு எடுக்கிற டீச்சர் முதல் தடவை வந்தபோது நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை எனக்கு. டீச்சர் கதவு நிலையில் சாக்குக்கட்டியால் ஒரு எண் போட்டார். கூரை என்ன, தரை என்ன, குளியலறை உள்ளேயா வெளியேயா என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

"இப்ப வீட்டை மட்டுந்தான் எழுதுறேன். ஆளுங்க பேரை எழுத அடுத்த சுத்துல வருவேன். அப்ப யாராவது வீட்ல இருங்க" என்றார்.

உள்ளே கட்டிலில் கிடந்த அம்மா தலையைத் தூக்கினாள்.

"அடுத்த சுத்துல வந்தா என்னை எழுதாதீங்க டீச்சர்."

"ஏன் பாட்டி, நீங்க இந்த வீட்லதானே இருக்கீங்க?"

"இருக்கேன். பெத்த அப்பன் கணக்கிலேயே நான் இல்ல. கவர்மெண்டு கணக்குல இருந்து என்ன ஆகப்போகுது?"

டீச்சர் சிரித்துவிட்டார். பாட்டி தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்தார் போல. எனக்குத்தான் தெரியும், அது தமாஷ் இல்லை.

அம்மாவுக்கு இரண்டு வயதிருக்கும்போது அவளைப் பெற்றவள் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுடைய அப்பா குழந்தையைத் தன் அக்காவிடம் கொடுத்துவிட்டார். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. ஊரின் இந்தக் கோடியில் அந்த அத்தை வீடு, அந்தக் கோடியில் அவர் வேலை பார்த்த தண்ணீர் வாரியத்துக் குவார்ட்டர்ஸ். அதற்குப் பிறகு அவர் வாசலுக்கு வந்ததே இல்லை. அத்தை சோறு போட்டாள், பள்ளிக்கூடம் அனுப்பினாள், தையல் கற்றுக்கொடுத்தாள். கோபம் வந்தால் மட்டும் ஒன்று சொல்வாளாம்: "கணக்கெடுக்க வந்தவன்கிட்டச் சொல்லி உங்கப்பன் உன் பேரை அடிச்சுட்டான்டி. அந்தக் கணக்குக்காரனே இங்க வந்து சொல்லிட்டுப் போனான். பேப்பர்லயே அடிச்சாச்சு."

அம்மா அவரை அப்பா என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'சாவிக்காரர்' என்பாள். தெருவுக்குத் தெரு தரைக்கடியில் இருக்கிற வால்வைத் திறந்து தண்ணீர் விடுவதுதான் அவர் வேலை. அதற்கு ஆள் உயரத்தில் ஓர் இரும்புச் சாவி உண்டு. தோளில் அதைச் சாய்த்துக்கொண்டு நடந்தால் யாருக்கும் அந்தப் பெயர்தான் வாய்க்கும்.

அன்று சாயந்திரம் நான் வேலை முடிந்து வந்து கை கால் கழுவிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதயம் தளர்ந்துபோயிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்த சமயம்.

"ஏண்டி, அந்தப் பழைய பேப்பரெல்லாம் வச்சிருப்பாங்களா?"

"எந்தப் பேப்பரும்மா?"

"என் பேரை அடிச்ச பேப்பர். போய்ப் பார்த்துட்டு வா. அடிச்சிருந்தா அடிச்சிருக்குன்னு சொல்லு. மனசு நோகுமேன்னு மழுப்பாத. நீ கும்பிடுற சாமி மேல ஆணை."

கடவுள் பெயரைச் சொல்லி அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டது அந்த ஒன்றுதான்.

பழைய பதிவேடுகள் நகராட்சிக் கட்டடத்தின் பின்பக்கம், படிக்கட்டுக்குக் கீழே ஒரு நீள அறையில் இருந்தன. அங்கே இருந்த குமாஸ்தாவை எல்லாரும் தூசி சார் என்றார்கள். மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார்.

"என்னம்மா, சொத்துத் தகராறா? இங்க வர்றவங்க எல்லாம் அதுக்குத்தான் வருவாங்க."

"சொத்து ஒண்ணும் இல்லிங்க சார். எங்கம்மாவோட பேரு ஒரு கணக்குல இருக்கான்னு பார்க்கணும்."

"இருந்தா என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காதுங்க."

அவர் கைக்குட்டையை இறக்கிவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். "ஒண்ணும் கிடைக்காத வேலைக்கு இவ்வளவு தூரம் வந்த முதல் ஆள் நீங்கதான். உட்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளினார்.

என் விடுமுறை நாட்களில் மட்டுமே போக முடிந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவள். அச்சு எழுத்து என்றால் கூட்டிப் படித்துவிடுவேன், அந்தக் காலத்துக் கையெழுத்து எனக்குப் பிடிபடவில்லை. தூசி சார்தான் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் படித்தார். அம்மாவுக்கு இரண்டு வயதான வருஷத்துக் கணக்கு முதலில் கிடைத்தது. தண்ணீர் வாரியக் குவார்ட்டர்ஸ், இரண்டு அறை. கணவன், மனைவி, மகள். மூன்று பேரும் ஒருவர் கீழே ஒருவராக இருந்தார்கள். மூன்று பேரையும் ஒன்றாக நான் பார்த்தது அந்தத் தாளில்தான்.

அடுத்த கணக்கு பத்து வருஷம் கழித்து. தூசி சார் படித்துக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

"இங்க பாருங்கம்மா."

முதல் வரி தாத்தா. மனைவி இறந்தவர், வால்வு திறப்பவர் என்று போட்டிருந்தது. அடுத்த வரியில் அம்மாவின் பெயர். மகள், வயது பன்னிரண்டு, படிக்கிறாள். அந்த வரியின் மேல் நீளமாக ஒரு கோடு. ஓரத்தில் சின்ன எழுத்தில், வேறு வீட்டில் வசிக்கிறாள்.

எனக்குக் கண் மங்கிவிட்டது. "அப்ப அடிச்சது நிசந்தான்" என்றேன்.

"அடிச்சது நிசம். ஆனா அடிச்சது உங்க தாத்தா இல்லம்மா. மையைப் பாருங்க, கையைப் பாருங்க. எழுதினவரேதான் அடிச்சிருக்கார். வீட்ல தங்கியிருக்கிற ஆளைத்தான் கணக்குல எழுதணும், அது சட்டம். உங்க தாத்தா பொண்ணையும் சேர்த்துச் சொல்லியிருக்கார், வயசு, படிப்பு எல்லாம். கணக்கெடுக்க வந்தவரும் எழுதிட்டார். அப்புறம் பொண்ணு எங்கன்னு கேட்டிருப்பார்." கைக்குட்டையைத் திரும்ப மூக்குக்கு ஏற்றினார். "சொல்லாத பேரை யாரும்மா எழுதி அடிப்பாங்க?"

பஸ்ஸில் வரும்போதே உதட்டுக்குள் முணுமுணுத்துக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா கேட்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"குவார்ட்டர்ஸுக்காக" என்றாள்.

"என்னம்மா?"

"குடும்பம் இருக்கிறவனுக்குத்தான் ரெண்டு ரூம் வீடு. ஒண்டி ஆளுக்கு ஷெட்டுல ஒரு கட்டில் போட்டுக் கொடுப்பாங்க. அத்தை சொல்லியிருக்கா. என் பேரைச் சொல்லி வீட்டைக் காப்பாத்திக்கப் பார்த்திருக்காரு. பேருக்காவது நான் உதவினேன், விடு."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அது பொய் என்று எந்தத் தாளைக் காட்டுவேன்?

அடுத்த விடுமுறைக்குத் தூசி சாரிடம் போய் அழாத குறையாக நின்றேன். அவர் யோசித்துவிட்டு, "தண்ணி வாரியத்து ஆளுன்னா பென்ஷன் வாங்கியிருப்பாரே. பென்ஷன் ஃபைல்லதான் ஒரு மனுஷனோட மொத்த வேலையும் இருக்கும், எங்க இருந்தார், எங்க மாத்தினாங்க, எதுக்குத் திட்டு வாங்கினார் எல்லாம்" என்று மாடிக்கு அனுப்பினார்.

மாடியில் பென்ஷன் பிரிவில் இருந்த அம்மாள் நல்ல சிரித்த முகம். கட்டைப் பிரித்து விரலை நாக்கில் தொட்டுப் புரட்டினார். தாத்தா முதலில் பம்ப் ஹவுஸில் இருந்திருக்கிறார். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. மகளைக் கொடுத்த அடுத்த வருஷமே அவராகக் கேட்டு ஆறாம் வரிசைக்கு மாற்றல் வாங்கியிருக்கிறார்.

"ஆறாம் வரிசைன்னா குழாய் போய் முடியற கடைசி. யாரும் கேட்டுப் போற இடம் இல்லையே அது" என்றார் அம்மாள். அந்த வரிசையில் வரும் தெருக்களின் பெயரைப் படித்தார். கடைசிப் பெயர் அத்தையின் தெரு.

அந்தப் பெயரை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

"இங்க எச்சரிக்கை விட்டிருக்காங்க. கடைசி வால்வைக் குறிச்ச நேரத்துக்கு முன்னாடியே திறந்ததுக்கு. இதோ இன்னொண்ணு. இதோ அடுத்த வருஷமும். அடக் கடவுளே, எல்லாரும் லேட்டாத் திறந்து மாட்டுவாங்க, இந்த மனுஷன் சீக்கிரமாத் திறந்து மாட்டியிருக்கார்! ஏன்னு கேட்டதுக்குப் பதில் சொல்லலைன்னு போட்டிருக்கு. சம்பள உயர்வை நிறுத்தியிருக்காங்க."

கடைசிப் பக்கங்களில், உடம்பு முடியாமல் ஓய்வு என்று இருந்தது. சில மாதம் பென்ஷன். அதற்குக் கீழே இறந்துவிட்டார் என்று தேதியுடன் ஒரு முத்திரை. அம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

எதற்காகச் சீக்கிரம் திறந்தார் என்று கேட்டேன். அதெல்லாம் ஃபைலில் இருக்காது என்றார் அம்மாள். பிறகு அவராகவே, "குட்டைச்சாவின்னு ஒருத்தர் இன்னும் இருக்காரே! உங்க தாத்தாகிட்ட எடுபிடியாச் சேர்ந்தவர். பென்ஷன் வாங்க வந்தா இந்த இடமே கலகலன்னு இருக்கும்" என்று விலாசம் எழுதிக் கொடுத்தார்.

குட்டைச்சாவிப் பெரியவர் தன் மகனுடைய டயர் கடைக்கு மேலே குடியிருந்தார். நான் போனபோது ஒரு டேபிள் ஃபேனைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் அவர் கையிலிருந்த திருப்புளி நின்றுவிட்டது.

"சாவி அண்ணனோட பேத்தியா நீ?"

மருமகள் டீ கொண்டுவந்து வைத்தாள். "ஆரம்பிச்சுட்டாரா? நான் மருந்து சாப்பிடுங்கன்னு கத்தினா காது கேக்காது. தண்ணிக் கதைன்னா பக்கத்துத் தெருவுல பேசினாலும் கேக்கும்" என்றாள்.

"உன் குரல் அப்படிம்மா. காதே கதவைச் சாத்திக்குது" என்றார் பெரியவர். அவள் போகும்வரை காத்திருந்து என் பக்கம் குனிந்தார்.

"கேளும்மா. பொண்டாட்டி போனப்புறம் அண்ணன் குழந்தையை வீட்ல வச்சுப் பூட்டிட்டுத்தான் வேலைக்கு வருவாராம். வேற வழியில்ல. ஒருநாள் அது அடுப்புகிட்டப் போய் விழுந்து கையைச் சுட்டுக்கிச்சு. அன்னைக்கே அக்காகாரிகிட்டத் தூக்கிட்டு ஓடினாரு. அந்தம்மா சொல்லிடுச்சு, நான் வளர்க்கிறேன், ஆனா நீ என் வாசல்ல கால் வைக்கக் கூடாது. உன்னைப் பார்த்தா பிள்ளை உன் பின்னாலயே வரும், என்கிட்ட ஒட்டாது. நீ வந்த அன்னைக்கே பிள்ளையைத் திருப்பி விட்டுடுவேன். அண்ணன் சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டாரு. திருப்பி விட்டா மறுபடி பூட்டிட்டுத்தானே போகணும்?"

அம்மாவின் இடது முழங்கையில் ஒரு தழும்பு உண்டு. எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"அப்புறம் ஏன் ஐயா அந்த வரிசைக்கு மாத்திக்கிட்டுப் போனாரு?"

பெரியவர் சிரித்தார். "நானும் அதையேதான் கேட்டேன். வாசல்ல கால் வைக்க மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன், தெரு முனையில வைக்க மாட்டேன்னு சொல்லலையேடான்னாரு. வால்வு தெரு முனையிலதானே இருக்கு! நேரத்துக்குத் திறந்தா குழாயடியில கூட்டம் அம்மும், ஒருத்தர் குடத்தை ஒருத்தர் தள்ளுவாங்க, சின்னப் பொண்ணு என்ன பண்ணும்? அதனால இருட்டோட திறந்துடுவாரு. தண்ணிச் சத்தம் கேட்டதும் முதல்ல வர்றது அந்தப் பொண்ணுதான். அக்காகாரி எழுப்பி விட்டுடும். இவரு வால்வுக் குழிக்குப் பக்கத்துல சுவரோரமா உட்கார்ந்து கேட்டுட்டிருப்பாரு."

"என்னத்தை?"

"அது திட்டுறதைத்தான்! எப்பா, என்ன வாய்! தூக்கக் கலக்கத்துல வந்து வாளியை டமார்னு வைக்கும். இந்நேரத்துக்குத் தண்ணி திறக்கிறவன் விளங்குவானா, அவன் தூக்கம் தொலைஞ்சு போக, அவன் கை விளங்காமப் போகன்னு வாளி நிறையிற வரைக்கும் நிறுத்தாது. எனக்கு ரத்தம் கொதிக்கும். அண்ணன் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாரு. நேத்துத் தொண்டை கட்டியிருந்துச்சுடா, இன்னைக்குச் சரியாப் போச்சு பாருன்னுவாரு. ஒருநாள் அது வரல, அக்காகாரியே வந்து பிடிச்சுட்டுப் போனாங்க. அன்னைக்கு மனுஷன் ஒரு வால்வு விடாம மாத்தி மாத்தித் திறந்துட்டாரு. மறுநாள் வந்து திட்டின அப்புறந்தான் உயிர் வந்துச்சு." பெரியவர் ஃபேனின் இறக்கையை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். "கல்யாணம் ஆனா சத்தியம் முடிஞ்சுதுடா, நேரா வாசலுக்கே போவேன்னு சொல்லிட்டிருந்தாரு. அதுக்குள்ள நெஞ்சு சளி முத்திப் படுத்துட்டாரு. ஈரத்துலயே நின்ன உடம்பு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பிரார்த்தித்தேன். தண்ணீரைச் சொல்லலாம், சத்தியத்தைச் சொல்லலாம், அந்தத் திட்டு மட்டும் என் வாயால் வர வேண்டாம் கடவுளே என்று.

அம்மாவின் காலடியில் உட்கார்ந்து சொன்னேன். அடுப்புச் சூட்டைச் சொன்னபோது அவள் முழங்கையைத் தடவிக்கொண்டாள். அத்தை கேட்ட சத்தியத்தைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டாள். ஆறாம் வரிசை, கடைசி வால்வு, தெரு முனை, விடியும் முன்னால் என்று சொல்லி வரும்போதே அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"இருடி. இருட்டுல தண்ணி வருமே, அந்தத் தண்ணியா?"

"ஆமாம்மா."

"அதைத் திறந்தது அவரா? அவரு அந்தக் கோடியிலதானே தண்ணி விடுறாருன்னு அத்தை சொன்னா?"

"ஆமா."

அவள் என் மணிக்கட்டை விட்டுவிட்டாள்.

"நான் திட்டுவேனே" என்றாள். "தினம் திட்டுவேனே. கேட்டிருக்காதுல்ல? முனைக்கும் குழாய்க்கும் தூரந்தானே?"

மழுப்பக் கூடாதென்று ஆணை வைத்திருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கேட்டாராம்மா. அதைக் கேக்கத்தான் உட்கார்ந்திருப்பாராம். குரல் நல்லா இருக்கான்னு பார்ப்பாராம். சிரிப்பாராம்மா."

"எல்லாத்தையுமா கேட்டாரு?"

"எல்லாத்தையும்."

அம்மாவும் சிரித்தாள். ஒரே ஒரு தடவை. அப்புறம் புடவைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தலைப்புக்குள்ளிருந்து கேட்டாள்: "கை விளங்காமப் போகன்னு சொன்னதையும் கேட்டாராமா?"

நான் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வது?

"ஒருநாள் தண்ணி நல்லா விடிஞ்சப்புறம் வந்துச்சுடி. மறுநாளும் அப்படித்தான். தொலைஞ்சான் பாவின்னு நிம்மதியா இழுத்துப் போர்த்திட்டுத் தூங்கினேன். கல்யாணத்துக்கு முந்தின வருஷம். தெரு முனை வரைக்கும் வந்தவருக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், கிட்ட வந்து நான்தான்னு சொல்லத் தெரியலையா? இருட்டுதானே, அத்தைக்கா தெரியப்போகுது?"

அந்தக் கேள்விக்கு எந்தப் பதிவேட்டிலும் பதில் இல்லை.

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. விடியும் முன்னால் விழித்துக்கொண்டு, "தண்ணி வருதா பாரு" என்பாள். எங்கள் வீட்டில் குழாய் உள்ளேயே இருக்கிறது. நான் எழுந்து போய்த் திறந்துவிடுவேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பாள். ஒருநாள் அப்படிக் கிடக்கும்போதே என்னைக் கூப்பிட்டாள்.

"அந்த டீச்சர் வந்தா என்னையும் எழுதச் சொல்லு."

"சரிம்மா."

"அப்பா பேரு கேப்பாங்களா?"

அப்பா என்று சொன்னாள். நான் காட்டிக்கொள்ளவில்லை. "கேக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேம்மா."

"கேக்கலைன்னாலும் சொல்லு."

டீச்சர் வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் ஒரு விடியலில் நான் குழாயைத் திறந்துவிட்டு வந்து பார்த்தபோது அம்மா போய்விட்டிருந்தாள். தண்ணீர் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. அதை மூட வேண்டும் என்றே எனக்கு வெகுநேரம் தோன்றவில்லை.

டீச்சர் இரண்டாம் சுற்றுக்கு வந்தது ஒரு சாயந்திரம். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. டீச்சர் மடியில் அட்டையை வைத்து, தாளை விரித்து, பென்சிலைச் சீவிக்கொண்டார்.

"வீட்ல பெரியவங்கள்ல இருந்து வரிசையாச் சொல்லுங்க."

நான் அம்மா பெயரைச் சொன்னேன். வயதைச் சொன்னேன். ஏழாவது வரை படிப்பு, தையல் வேலை பார்த்தாங்க, இப்ப முடியல என்றேன். டீச்சர் எழுதிக்கொண்டே வந்தார். கேட்காமலே அப்பா பெயரையும் சொன்னேன். "அதுக்குக் கட்டம் இல்லையேக்கா" என்று சிரித்தார். "எங்க பாட்டி, தூங்குறாங்களா? இந்தத் தடவை சண்டை போட மாட்டாங்களே?"

நான் திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். விரிப்பு மடித்து வைத்திருந்தது. நான்தான் மடித்து வைத்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், கணக்கில் ஏமாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. வீட்டில் யார் யார் என்று ஒருவர் கேட்டால் என் நாக்கு அப்படித்தான் சொல்லும். அதற்கு இரண்டு அறை வேண்டாம், எதுவும் வேண்டாம். சாவிக்காரர் தாத்தாவும் அன்றைக்கு அப்படித்தான் சொல்லியிருப்பார். 'குவார்ட்டர்ஸுக்காக' என்ற அம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. எனக்குத் தெரியவந்தபோது கேட்பதற்கு அவள் இல்லை.

"போன மாசம் தவறிட்டாங்க டீச்சர்" என்றேன்.

டீச்சர் முகம் மாறிவிட்டது. "ஐயோ அக்கா" என்று என் கையைத் தொட்டார். பிறகு தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ரப்பரை எடுத்தார். "இருக்கிறவங்களைத்தான் எழுதணும். தப்பா நினைச்சுக்காதீங்க."

"எழுதக் கூடாதுன்னா சரிங்க டீச்சர். ரப்பர் மட்டும் போடாதீங்க. பேனாவால ஒரு கோடு போட்டு அடிச்சுடுங்க."

"எதுக்குக்கா?"

"அடிச்சா கீழ இருக்கிற பேரு தெரியுங்க."

டீச்சர் ரப்பரை உள்ளே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். பெயரின் மேல் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். எழுத்து மறையாமல் பார்த்துத்தான் இழுத்தார்.